கேட்கக் கேட்கப் பிடிக்கும்: இளையராஜாவின் புதிய இசையும் மோகனூர்க் காதுகளும்

மோகனூரில் ஆடிப்பெருக்குக்கு முந்தைய நாளே ரேடியோ செட் கட்டிவிடுவார்கள். விடிகாலையில் சாமி பாட்டு. அது முடிந்து காவிரிப் படித்துறையில் கூட்டம் சேரத் தொடங்கியதும் இளையராஜா. குழாய் ஸ்பீக்கரில் கிளம்பும் சத்தம் ஆற்றைத் தாண்டி எதிர்க்கரை வாங்கல் வரைக்கும் போகும். சில ஆண்டுகளாக எனக்கொரு பழக்கம். படியில் உட்கார்ந்து, எந்தப் பாட்டு எந்த ஆண்டில் வந்தது என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டே வருவேன். ஒலிப்பதெல்லாம் 1976-க்கும் 1992-க்கும் இடைப்பட்டவை. எப்போதாவது 'காதலுக்கு மரியாதை' தலைகாட்டும், அது 1997. அதற்குப் பிந்தியது ஒன்றுகூட நான் இருந்த வேளைகளில் ஒலித்ததில்லை. 2000-க்குப் பிறகு மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்த ஒருவரின் நிலை இது.

ரேடியோ செட்காரரிடம் ஒருமுறை கேட்டேன். "புதுசு போட்டா யாருங்க கேப்பாங்க? ராஜான்னா பழசுதானுங்களே" என்றார். அவர் சொன்னதில் குறை காண எனக்கு மனம் வரவில்லை. ஊர் கேட்பதை அவர் போடுகிறார். ஆனால் அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரைக்கு வித்து. நெடுங்காலம் கோலோச்சிய ஒரு கலைஞர் புதிதாக ஒன்றைத் தரும்போது அதை விமர்சகரும் ரசிகரும் எந்தக் காதால் கேட்கிறார்கள்?

மேற்கத்திய நாடுகளில் இந்தக் கேள்வி மூத்த ராக் இசைக்குழுக்களை ஒட்டி எழும். ரோலிங் ஸ்டோன்ஸ் 2023 அக்டோபரில் 'ஹாக்னி டயமண்ட்ஸ்' தொகுப்பை வெளியிட்டது. தாங்களே புதிதாக எழுதிய பாட்டுகளோடு அவர்கள் கொண்டுவந்த முந்தைய தொகுப்பு 2005-இல் வந்தது. இடைவெளி 18 ஆண்டுகள். வந்த விமர்சனங்கள் பலவும் ஒரே முழக்கோலைக் கையில் எடுத்தன: 1970களின் இறுதியிலோ 1980களின் தொடக்கத்திலோ வந்த இன்ன தொகுப்புக்குப் பிறகு இதுதான் சிறந்தது என்பது அது. பாராட்டுகூடப் பழையதை வைத்து அளந்துதான் வந்தது.

தமிழில் அத்தனை காலம் நின்ற ராக் குழு கிடையாது. ஆனால் ஒரு குழுவிலிருந்து கிளம்பி, கிதாரையும் ஆர்மோனியத்தையும் தூக்கிக்கொண்டு மேடை மேடையாக அலைந்து, பிறகு ஒரு தலைமுறையின் காதையே மாற்றியவர் உண்டு. பாவலர் வரதராஜன் தலைமையில் பண்ணைப்புரத்துச் சகோதரர்கள் நடத்திய பாவலர் பிரதர்ஸ் குழுதான் இளையராஜாவின் முதல் பள்ளி. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசைப் பாடம், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை, 1976-இல் பஞ்சு அருணாசலம் தயாரித்த 'அன்னக்கிளி', 2016-இல் ஆயிரமாவது படமாக 'தாரை தப்பட்டை' என்று நீண்டது அந்தப் பயணம். மூத்த கலைஞரின் புதிய இசைக்கு என்ன நேர்கிறது என்று தமிழில் ஆராய விரும்பினால் இவரைவிட நிறைந்த சான்று இல்லை.

இவருடைய புதிய பாட்டு ஒவ்வொன்றுக்கும் இரண்டு தீர்ப்புகள் தயாராக இருக்கின்றன. ஒன்று, "பழைய ராஜா இல்லை." மற்றொன்று, "ராஜா ராஜாதான்." முதலாவது ஏமாந்தவரின் குரல், இரண்டாவது பக்தரின் குரல். இரண்டையும் பாட்டைக் கேட்காமலேயே சொல்லிவிட முடியும் என்பதுதான் என் மனக்குறை. இவற்றுக்கு முன்பே நம் ஊர்களில் மூன்றாவது தீர்ப்பொன்று இருந்தது: "கேட்கக் கேட்கப் பிடிக்கும்." நாம் இழந்துவிட்ட மிக நல்ல விமர்சன முறை அதுதான் என்பது என் எண்ணம்.

அது எப்படி உருவானது என்று பார்க்க 1980களின் நாமக்கல்லுக்குப் போகவேண்டும். அப்போது நாமக்கல் சேலம் மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமானது 1997-இல். லாரி கூண்டு கட்டும் பட்டறைகளும் லாரி உரிமையாளர்களும் நிறைந்த ஊர். பாட்டுக்கும் லாரிக்கும் அங்கே பிரிக்க முடியாத உறவு. வண்டி எடுப்பதற்கு முன்னால் கேசட் பதிவுக் கடைக்குப் போவார்கள். வெற்றுக் கேசட்டையும் பாட்டுகளின் பட்டியல் எழுதிய தாளையும் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் பதிவுசெய்து தருவார் கடைக்காரர். 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறேழு பாட்டு அடங்கும். பட்டியலை எழுதுவதே ஒரு கலை. எந்தப் பாட்டை ஏ சைடின் முதலில் வைப்பது, எதைக் கடைசியில் வைத்தால் நடுவில் அறுந்து போகாது என்றெல்லாம் யோசித்துத்தான் எழுதுவார்கள்.

வடக்கே போய்த் திரும்ப வாரங்கள் ஆகும். கையில் இருப்பது ஐந்தாறு கேசட். அதில் ஒன்று புதுப் படம். பிடிக்கிறதோ இல்லையோ, மாற்றிப்போட வேறொன்று கிடையாது. நாக்பூரைத் தாண்டுவதற்குள் அந்தக் கேசட் பத்துமுறை சுற்றியிருக்கும். முதல் முறை சாதாரணமாகத் தெரிந்த பாட்டின் இரண்டாவது இடையிசையில் ஒரு புல்லாங்குழல் நுழைவதும், பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் பேஸ் கிதார் வேறொரு வழியில் இறங்கி வருவதும் ஆறாவது முறை கேட்கும்போதுதான் காதில் விழும். எங்கள் உறவில் லாரி ஓட்டிய ஒருவர் இசைச் சொல் எதுவும் அறியாதவர். ஆனால் எந்தப் பாட்டில் எந்த இடத்தில் வயலின்கள் ஒன்றாக எழும்பும் என்று ஸ்டீரிங்கில் விரலால் தட்டிக் காட்டுவார். எந்தப் பத்திரிகையும் அவருக்கு அதைச் சொல்லித்தரவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டதில் தானாகப் படிந்த அறிவு அது.

கேசட் என்ற பண்டம் கேட்கும் பழக்கத்தையே எப்படி மாற்றியது என்று வட இந்தியாவை வைத்துப் பீட்டர் மானுவல் எழுதிய நூல் 1993-இல் வந்தது. தமிழ்க் கிராமம் ஒன்றில் கோயில் விழாவுக்கு ஒலிபெருக்கியில் கேசட் போடுவதையே ஒரு வழிபாட்டு நிகழ்த்துதலாகக் கண்டு பால் கிரீன் 1999-இல் ஒரு கட்டுரை எழுதினார். லாரிக்குள் ஓடிய கேசட்டைப் பற்றி யாராவது விரிவாக எழுதவேண்டும். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் அதைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

திரும்பக் கேட்பதன் பயனை உளவியலாளரும் ஆராய்ந்திருக்கிறார்கள். ராபர்ட் ஸயான்ஸ் 1968-இல் வெளியிட்ட ஆய்வில், பொருளே இல்லாத சொற்களையும் அறிமுகமில்லாத எழுத்து வடிவங்களையும் சிலருக்குப் பலமுறை காட்டினார். அடிக்கடி கண்டவை பிடித்தவையாக மாறின. இன்னோர் ஆய்வு மோரிஸ் ஹோல்புரூக், ராபர்ட் ஷிண்ட்லர் இருவரும் 1989-இல் வெளியிட்டது. 1930கள் தொடங்கி 1980கள் வரை புகழ்பெற்றிருந்த 28 பாட்டுகளைப் பல வயதினருக்கும் போட்டுக்காட்டினார்கள். பெரும்பாலோருக்கு மிகவும் பிடித்தவை, அவரவர் வயது ஏறக்குறைய 24 ஆக இருந்தபோது வந்த பாட்டுகள். இந்த இரண்டையும் சேர்த்து வைத்தால் நம் படித்துறைக் காட்சி ஓரளவு விளங்கிவிடும். 1985-இல் இருபத்துநான்கு வயதிருந்தவர் இன்று அறுபதைத் தாண்டியவர். விழாக்குழுவில் முடிவெடுப்பவரும் அவர்தான். அவருக்குப் புதிய பாட்டு எதிர்த்து நிற்கவேண்டியிருப்பது தன் சொந்த இளமையோடு.

ஸயான்ஸ் சொன்னதை அப்படியே இசைக்கு ஏற்றிவிடவும் கூடாது. குழாய் ஸ்பீக்கர் எல்லாப் பாட்டையும்தான் திரும்பத் திரும்பப் போட்டது. 1980களில் தெருவெல்லாம் ஒலித்து, இன்று ஒருவர் வாயிலும் இல்லாமல் போன பாட்டுகள் எத்தனையோ. திரும்பக் கேட்டதால் தேறியவையும் உண்டு, திரும்பக் கேட்டதாலேயே சலித்தவையும் உண்டு. எது தேறும் என்று பிரித்துக்காட்டியதும் அதே பத்துச் சுற்றுதான்.

மோகனூர்க்காரன் என்ற முறையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை பிறந்தது எங்கள் ஊரில், 1888-இல். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் நோக்கி உப்புச் சத்தியாகிரகிகள் கிளம்பியபோது அவர்கள் நடந்துகொண்டே பாடியது கவிஞர் எழுதிய பாட்டைத்தான். இரண்டு வாரம், ஏறக்குறைய 240 கிலோமீட்டர். அந்தப் பாட்டு தமிழ்நாடு முழுதும் பரவியது இசைத்தட்டுக் கம்பெனியின் விளம்பரத்தால் அன்று. வெயிலில் நடந்தவர்கள் நாள்தோறும் பாடினார்கள், வழியோரத்து ஊர்க்காரர்கள் நாள்தோறும் கேட்டார்கள்.

இனி விமர்சகருக்கு வருவோம். தமிழில் கச்சேரி விமர்சனத்துக்கு வளமான மரபு உண்டு. கல்கி 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதியதும், பிற்காலத்தில் சுப்புடுவின் பேனாவுக்குப் பாடகர்கள் அஞ்சியதும் தெரிந்த கதை. திரைப்படத்துக்கும் அப்படியே, 1977-இல் '16 வயதினிலே' படத்துக்கு விகடன் தந்த 62.5 மதிப்பெண்ணை இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பாட்டுத் தொகுப்புக்கு? படம் வருவதற்கு முன்பே கடைக்கு வந்து, தனியாக விற்று, தனியாக வாழ்ந்த ஒரு கலைப்பொருளுக்குத் தமிழில் முறையான விமர்சனம் அநேகமாக இல்லை. பட விமர்சனத்தின் கடைசிப் பத்தியில் இசைக்கு ஒரு வரி கிடைக்கும். இளையராஜாவின் இசையை அழகியல் நோக்கில் முழு நூலாக ஆராய்ந்த பிரேம்–ரமேஷ் போன்றோரின் முயற்சி வந்தது 1990களின் இறுதியில். அதற்குள் அவர் எழுநூறுக்கு மேற்பட்ட படங்களை முடித்திருந்தார். ஆக, விமர்சகர் இருந்திருக்கவேண்டிய நாற்காலியில் இருபது ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவர் ரசிகர்தான். அவர் கையில் இருந்த ஒரே கருவி, மீண்டும் கேட்பது.

அந்தக் கருவிக்கு வந்த முதல் கடுஞ்சோதனை 1986-இல் வந்த 'ஹவ் டு நேம் இட்'. பாடகர் இல்லை, சொல் இல்லை, நடிகர் இல்லை. தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கையாக்கிய பத்து இசைத்துண்டுகள், முன்னணியில் வி.எஸ். நரசிம்மனின் வயலின். பதிவுக் கடைகளில் அதைப் "பாட்டில்லாத கேசட்" என்றார்கள். வாங்கியவர்களில் பலர் இரண்டாம் முறை போடவில்லை. கர்நாடக இசை அறிந்தோரில் சிலர் ராகத்துக்கு அடியில் மேற்கத்திய ஒத்திசை அடுக்குகளை வைப்பதை ஏற்கவில்லை. ஆனால் பாலு மகேந்திரா 1988-இல் தம் 'வீடு' படத்துக்கு அந்தத் தொகுப்பின் இசையையே எடுத்துப் பயன்படுத்தினார். பாதி கட்டி நின்றுபோன வீட்டையும் சொக்கலிங்க பாகவதரின் முகத்தையும் பார்த்தபடி கேட்டபோது, கேசட்டில் பிடிபடாதது பிடிபட்டது. நானும் படத்தைப் பார்த்த பிறகுதான் அந்தக் கேசட்டை மறுபடியும் தேடி எடுத்தேன். அதில் ஒரு துண்டின் பெயர் 'டோன்ட் கம்பேர்', அதாவது ஒப்பிடாதே. அன்று நாற்பத்துமூன்று வயதிலிருந்தவர் வைத்த பெயர் அது. பின்னால் நாற்பது ஆண்டுகள் தன்னைப் பற்றி நடக்கப்போகிற பேச்சு முழுவதற்கும் அவர் அன்றே பதில் எழுதிவைத்தது போல இருக்கிறது.

2005 ஜூனில் வந்த 'திருவாசகம்' வேறொரு வகைச் சோதனை. தமிழ் மையம் வெளியிட்டது. புடாபெஸ்ட் இசைக்குழு வாசித்தது. ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் ஆங்கில வரிகளைச் சேர்த்தார். இரண்டாவது பகுதி மட்டும் ஏறக்குறைய 20 நிமிடம் ஓடும். விவாதத்தின் பெரும்பகுதி அது சிம்பொனியா, ஆரடோரியோவா என்ற பெயர்ச் சண்டையில் கழிந்தது. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. ஓதுவார்கள் திருவாசகத்தை மோகன ராகத்தில் பாடுவது மரபு. எங்கள் ஊர் அசலதீபேஸ்வரர் கோயிலுக்குச் சிறுவயதிலிருந்து போய்வந்த காதுக்குத் திருவாசகம் என்றாலே மோகனம். ஆகவே அந்தத் தொகுப்பை முதலில் கேட்டபோது சொல் தெரிந்தது, பாட்டு தெரியவில்லை. அது உள்ளே இறங்க எனக்கு ஒரு மார்கழி முழுதும் பிடித்தது.

இந்த வரிசையில் நான் சற்று நேரம் நின்று பேச விரும்புவது 2012-இன் 'நீதானே என் பொன்வசந்தம்'. சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் அந்தச் செப்டம்பர் 1 அன்று பாட்டு வெளியீடு நடந்தது. இயக்குநர் கௌதம் வாசுதேவ் மேனன், பாட்டெழுதியவர் நா. முத்துக்குமார், எட்டுப் பாட்டுகள், ஐரோப்பிய வாத்தியக் கலைஞர்களின் வாசிப்பு. அதுவரை ஹாரிஸ் ஜெயராஜோடும் ஏ.ஆர். ரஹ்மானோடும் பணியாற்றிய இளம் இயக்குநர் இளையராஜாவிடம் வருகிறார் என்றதும் எதிர்பார்ப்பு ஏறிக்கொண்டே போயிற்று. கேட்பவர் ஒவ்வொருவரும் தன் கையில் ஒரு பழைய பாட்டை வைத்துக்கொண்டு, அதைப்போல இன்னொன்று வரும் என்று காத்திருந்தார்.

வந்தது அது இல்லை. பல்லவி, சரணம், இடையிசை என்று நாம் பழகிய கட்டுமானத்தை அவர் பல இடங்களில் தளர்த்தியிருந்தார். தாளம் பின்னே ஒதுங்கி, வயலின்களும் பியானோவும் பாட்டை முன்னே இழுத்துச் சென்றன. ராக் கிதாரோடு சீறிக் கிளம்பும் ஒரு பாட்டு பாதி வழியில் உள்ளூர்க் குத்தாகத் திரும்பியது, கேட்டவர்கள் திகைத்தார்கள். யுவன் சங்கர் ராஜாவின் குரல் அந்த மெட்டுகளுக்குப் போதாது என்றார்கள். தபேலா எங்கே என்று கேட்டார்கள். மற்றொரு பக்கம், வெளியான அன்றே காவியம் என்று எழுதியவர்களும் உண்டு. ஒரே இரவில் இரண்டு அணி. அந்த டிசம்பரில் வந்த படம் பெரிதாக ஓடவில்லை. பாட்டுகளைத் தாங்கிப் பிடிக்கப் படமும் இல்லாமல் போயிற்று.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். எட்டில் ஐந்து பாட்டுகள் அவர் எந்தக் காலத்தில் செய்த நல்ல பாட்டுக்கும் பக்கத்தில் வைக்கத் தக்கவை. யுவனின் குரல் பற்றிய குறையில் நியாயம் உண்டு. மேல் ஸ்தாயியில் அது தளர்வது இன்றும் எனக்குக் கேட்கிறது. ஆனால் கிதாரிலிருந்து குத்துக்குத் தாவும் அந்தப் பாட்டைக் குறை சொன்னவர்கள் அவசரப்பட்டார்கள். திருவிழாவில் தவிலும் பாண்டு வாத்தியமும் அடுத்தடுத்து முழங்கக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தத் தாவல் அந்நியமே இல்லை. எனக்கே இது ஐந்தாறு முறை கேட்ட பிறகுதான் புரிந்தது. முதல் நாளில் கேட்டிருந்தால் நானும் "பழைய ராஜா இல்லை" அணியில்தான் இருந்திருப்பேன்.

மாற்றம் எங்கே நடந்தது? 2012-இல் பாட்டு கைபேசிக்கு வந்துவிட்டது. பிடிக்காததை விரலால் தள்ளிவிடலாம். காசு கொடுத்து வாங்கியதைப் பத்துமுறை கேட்டவர் ரசிகர். சும்மா கிடைத்ததை முப்பது நொடியில் தள்ளியவரும் அவரே. 2014 செப்டம்பரில் யூ2 குழு 'சாங்ஸ் ஆஃப் இன்னொசன்ஸ்' தொகுப்பை ஐட்யூன்ஸ் கணக்கு வைத்திருந்த கோடிக்கணக்கானோருக்கு இலவசமாக அனுப்பிவைத்தது. நன்றி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. தொகுப்பை நீக்குவதற்கென்றே ஆப்பிள் நிறுவனம் ஒரு வழியை ஏற்படுத்தவேண்டியதாயிற்று. பதிவுக் கடையில் மூன்று நாள் காத்திருந்து கேசட் வாங்கியவர்களுக்கு அந்த எரிச்சலின் காரணம் எளிதில் விளங்கும்.

புதிய தொகுப்புக்கு இன்னொரு போட்டி, கலைஞரின் சொந்தப் பழம்பாட்டு. 2024-இல் மலையாளப் படமான 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' 1991-இன் 'குணா' படத்துக் காதல் கடிதப் பாட்டை எடுத்துப் பயன்படுத்த, அது இளைஞர்களிடம் நேற்று வந்த பாட்டுப் போலப் பரவியது. அதே ஆண்டு 'லப்பர் பந்து' 1989-இன் 'பொன்மனச் செல்வன்' பாட்டு ஒன்றை மைதானங்களுக்குக் கொண்டுவந்தது. இவற்றில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுதான், 79 வயதில், 'விடுதலை' படத்துக்கு அவர் இசையமைத்திருந்தார். மலைக்காட்டு வழியில் நடந்துபோகும் அந்த இரண்டு காதல் பாட்டுகளும் எந்த அளவுகோலிலும் உயர்ந்தவை. வந்தபோது பாராட்டினார்கள், உண்மைதான். ஆடிப்பெருக்குப் படித்துறைக்கு அவை இன்னும் வரவில்லை.

கடைசியாக 'வேலியண்ட்'. 1993-இல் லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை வைத்து, ஜான் ஸ்காட் நடத்த, இளையராஜாவின் சிம்பொனி ஒன்று பதிவானது. அது வெளிவரவே இல்லை. 32 ஆண்டுகள் கழித்து, 2025 மார்ச் 8 அன்று, லண்டன் ஈவண்டிம் அப்பல்லோ அரங்கில் 'வேலியண்ட்' என்ற புதிய சிம்பொனி மிக்கேல் டாம்ஸ் நடத்த அரங்கேறியது. கிளம்பும் முன்பே முதலமைச்சர் வீட்டுக்கு வந்து வாழ்த்தினார். திரும்பிய பின் இளையராஜா பிரதமரைச் சந்தித்தார். கட்சி வேறுபாடின்றி வாழ்த்துகள் குவிந்தன. தமிழ்நாடு இதைக் கொண்டாடியது முற்றிலும் சரி. ஆனால் அன்று அந்த இசையைக் கேட்டவர்கள் அரங்கில் இருந்த சில ஆயிரம் பேர். கொண்டாடிய கோடிக்கணக்கானோர் ஒரு சுரத்தையும் கேட்டிருக்கவில்லை. ஒரு படைப்பு முழுக்க முழுக்கச் செய்தியாகவே வாழ்த்தப்பட்டது.

கைபேசியில் பதிவிறக்கிக் கேட்காதீர்கள், நேரில் கேளுங்கள் என்று இளையராஜா கேட்டுக்கொண்டதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கவேண்டும். கவனித்துக் கேட்கும் காதை அவர் மீண்டும் கேட்டு வாங்கப் பார்க்கிறார். அவர் விருப்பத்தில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. சிம்பொனியை ஒருமுறை நேரில் கேட்டு எழுந்துபோகிறவனுக்கு அது பிடிபடாது. மோகனூர்க்காரனுக்கு அது வீட்டில், கையில், பலமுறை வேண்டும்.

எங்கள் ஊர் ரேடியோ செட்காரர்களுக்கும் சுற்றுவட்டாரத்து விழாக்குழுக்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். வரும் ஆடிப்பெருக்குக்கு நீங்கள் போடும் பட்டியலில் பழசு எதையும் எடுக்கவேண்டாம். 'விடுதலை' பாட்டு ஒன்றையும் 'நீதானே என் பொன்வசந்தம்' பாட்டு ஒன்றையும் இடையில் சேர்த்துப் போடுங்கள். ஒருநாள் போட்டு, எடுபடவில்லை என்று விட்டுவிடாதீர்கள். செட் கட்டியிருக்கும் நாள் முழுதும், காலையும் மாலையும் போடுங்கள்.